அறுபத்தொன்றாவது பெயர்

1

ஒரு கல்வி மலருக்காகக் கேட்டு எழுதிய கதை இது. "ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கரையேற்றிய வெற்றிக்கதை, இரண்டு பக்கம் போதும்" என்றார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தும் இன்பம் டீச்சரிடம் கேட்டு எழுதினேன். எழுதியதை அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு வரியை அடித்துத் திருப்பித் தந்தார். அதன்பிறகு மலர்க்காரர்களுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "கந்தக நெடி கமழும் ஒரு காலையில்…"

(நெடி ஒன்றும் இல்லையாம். ஜூலைக் காற்றில் புழுதிதான் பறந்ததாம். வேறு தொடக்கம்.)

2

அந்தப் பள்ளியில் அறுபது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஆகஸ்டு முதல் தேதி எண்ணும்போது அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் மூன்றாவது ஆசிரியர் நீடிக்கலாம். அறுபதுதான் என்றால் அவர் உபரி. வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மூவரில் கடைசியாக வந்து சேர்ந்தவர் இன்பம்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. தலைவி பாண்டிலட்சுமி, பெட்டி ஒட்டும் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருடைய மகன் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியதே இன்பம் வந்த பிறகுதான்.

"ஒரு பிள்ளைதானே கொறையுது டீச்சர். இம்புட்டுப் பெரிய ஊர்ல ஒண்ணு கிடைக்காமலா போயிரும்?"

தெருத்தெருவாக விரல்விட்டு எண்ணினார். பாதிப் பிள்ளைகள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறவர்கள். மேலத்தெருவுக்கு வந்ததும் விரல் நின்றது.

"சோலையம்மா மக இருக்காள்ல, சுகிர்தா. எட்டு வயசு. கால் நிக்காது, பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். ஆனா நாம பேசுறது அம்புட்டும் புரியும்."

அந்தப் பிள்ளை எட்டு வருடமாக அதே தெருவில்தான் இருந்தாள், ஆனால் ஒரு எண் குறைந்த பிறகுதான்

(இந்த வாக்கியத்தை முடித்தால் பிரசங்கமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

3

மறுநாள் சாயங்காலம் சோலையம்மாள் கம்பெனி வேனைவிட்டு இறங்கி வந்தபோது, வாசலில் இன்பமும் பாண்டிலட்சுமியும் நின்றிருந்தார்கள். சுகிர்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வந்தவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கர நாற்காலிக்கு எழுதிப் போடலாம், சிறப்பாசிரியர் வாரம் ஒருநாள் வருவார் என்று இன்பம் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். சோலையம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி இவளை இடுப்புல தூக்கிட்டு வந்தேன் டீச்சர். கொஞ்சம் நடக்கட்டும், பெறகு கூட்டியாங்கன்னு சொல்லிட்டீக."

இதற்கு அடுத்த வரியாக நான் எழுதியிருந்தது: "அன்று அப்படிச் சொல்லி அனுப்பியவர் பழைய தலைமையாசிரியர்." இன்பம் அடித்தது அதைத்தான். ஓரத்தில், 'சொன்னது நான்' என்று எழுதியிருந்தார். என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். நல்ல டீச்சராக வருகிறவர் வாயில் அந்தப் பேச்சு ஒட்டவில்லை என்று, ஓய்வு பெற்றுப் போன மனிதர் தலையில் கட்டிவிட்டேன்.

உண்மையில் இன்பத்துக்கு அந்த நாள் ஞாபகத்திலேயே இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வகுப்பறை வாசலில் நிற்பதை நினைத்துப் பார்க்க முயன்றார். முகம் வரவில்லை. ஆனால் வார்த்தைகள் தன்னுடையவைதான் என்று தெரிந்தது. யாரையும் நோகடிக்காமல் அனுப்ப அவர் அப்படித்தான் பேசுவார்.

"இப்ப மட்டும் என்னத்துக்கு வந்திருக்கீக?"

பாண்டிலட்சுமி வாயெடுப்பதற்குள் இன்பம் சொன்னார்: "ஒரு பிள்ளை கொறையுது. இவ சேரலைன்னா என்னைய வேற ஊருக்கு மாத்திருவாங்க."

சோலையம்மாள் அவரையே பார்த்தார். "ஒண்ணாந்தேதிக்குப் பெறகும் வந்து கூட்டிட்டுப் போவீகளா?"

"வருவேன்."

(அப்போது மனசாரத்தான் சொன்னேன் என்றார் இன்பம். நான் கேட்காமலே சொன்னது அது.)

சோலையம்மாள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோ. போட்டோவில் சுகிர்தாவுக்கு ஆறு வயது.

4

மலருக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுகிர்தா நடந்தாள். இன்னொன்றில் அவள் பெயர் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முதலாவது பொய். இரண்டாவது, மலர்க்காரர்களுக்குப் பதிலடியாக நான் எழுதிய பொய்.

நடந்தது இதுதான். பெயர் சேர்ந்தது, இன்பத்தின் வேலை அங்கேயே நின்றது. அவர் வீடு மல்லாங்கிணற்றில். காலை ஆறு மணிக்கே பஸ் பிடித்து, சிவகாசி ஸ்டாண்டில் விட்டிருக்கும் ஸ்கூட்டரை எடுத்து, எட்டேகாலுக்குச் சோலையம்மாள் வீட்டுக்கு வந்துவிடுவார். பாண்டிலட்சுமி பிள்ளையை மடியில் வைத்துப் பின்னால் உட்காருவார். கம்பெனியில் ஆர்டர் அதிகமாகி அவரால் வர முடியாத நாட்களில் சுகிர்தாவுக்கும் பள்ளி இல்லை. அந்த வருடம் நூற்று முப்பத்தொரு நாள் வந்தாள்.*

* கதையில் இதுவரை சுகிர்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் கவனித்து, இன்பத்திடம் கேட்டேன். முதல் நாள் வருகை எடுக்கும்போது அவர் பிள்ளையை ஒரு பார்வை பார்த்து, தானே குறித்துக்கொண்டு பதிவேட்டை மூடினாராம். "நான்… இன்னும்… சொல்லலை டீச்சர்" என்றாளாம். திரும்பத் திறந்து, பெயரைக் கூப்பிட்டு, 'உள்ளேன்' வந்து முடியும்வரை வகுப்பே காத்திருந்தது. அதிலிருந்து அந்த வகுப்பில் பாடம் ஒரு நிமிடம் தள்ளித்தான் தொடங்குகிறது.

5

போன வாரம் இன்பம் போன் செய்தார். மூன்று வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த இடம், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், காலியாகியிருக்கிறது. அவர் மகள் ஜாஸ்பினுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு. காலையில் அம்மா முகத்தைப் பார்த்தே நாளாயிற்று என்று அவள் சொல்லிக் காட்டுகிறாளாம். மாறுதல் வேண்டுமா வேண்டாமா என்று இன்பம் எழுதிக் கொடுத்தும்விட்டார். என்ன எழுதினார் என்று என்னிடம் சொன்னார்.

"இதையும் கதையில எழுதுவீங்களா?"

"எழுதட்டுமா?"

"எழுதுங்க. நான் என்ன எழுதிக் குடுத்தேங்கிறதை மட்டும் எழுதாதீங்க. சோலையம்மாகிட்ட இன்னும் சொல்லலை. எதுவா இருந்தாலும் அவங்க என் வாயாலதான் கேக்கணும்."

ஆகவே முடிவை எழுதவில்லை. அதை உங்களுக்கு முன்னால் கேட்க வேண்டியவர் மேலத்தெருச் சோலையம்மாள். இன்னும் வேனைவிட்டு இறங்கவில்லை.