சம்பந்தியின் இடுப்பளவு

ஊரில் யார் யாருக்கு எவ்வளவு பவர் என்று கண்ணாடிக் கடைக்காரருக்கு மனப்பாடம். தம் வாய்க்கு மட்டும் அவர் அளவு பார்த்ததே இல்லை. மகளின் கல்யாணத் தேதி குறிக்கப் போன அன்று அது சம்பந்தி வீட்டு வரவேற்பறையில் அம்பலமாகிவிட்டது.

சம்பந்தி தையற்காரர். வீட்டில் தெலுங்கு; வெளியில் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தேநீர்க் கோப்பையும் கையுமாக இருந்த கண்ணாடிக் கடைக்காரர், நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு, "தெலுங்கே தமிழுக்குப் பொறந்த பொண்ணுதானே சம்பந்தி! எப்படிப் பார்த்தாலும் நாங்கதான் பொண்ணு வீடு," என்றார்.

தையற்காரர் சிரிக்கவில்லை. "எங்க மொழி சமஸ்கிருதத்தோட மக. ஹ்ருதயம், சௌந்தர்யம், வித்யான்னு நாங்க பேசுறதைக் கேட்டாலே தெரியும்."

"நாலு சொல் வாங்கினா மகளாயிடுமா?"

"நாலா? நாலாயிரம் சொல்லட்டுமா?"

வார்த்தை தடித்தது. தேநீர் ஆறி ஏடு கட்டியது. ஒருவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார், இன்னொருவர் மின்விசிறியைப் பார்த்தபடி. இத்தனைக்கும் மணப்பெண் கல்லூரியில் மொழி வரலாறு சொல்லிக்கொடுப்பவள். இரண்டு அப்பாக்களில் ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் கேட்காத இடத்தில் பாடம் எடுப்பானேன் என்று, வருங்கால அத்தையோடு சேர்ந்து பிஸ்கட் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் இரு வீட்டுக்கும் இடையே தகவல்கள் எல்லாம் பிள்ளைகள் வழியாகவே போய் வந்தன. அப்போதுதான் கல்யாணக் கோட்டு விவகாரம் எழுந்தது.

"எனக்கு ரெடிமேட் போதும்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"ஊருக்கே கோட்டு தைக்கிறவர் சம்பந்தியா இருக்கும்போது நீங்க கடையில வாங்கிப் போட்டுட்டு வந்தா, அது கோட்டு இல்லப்பா, சண்டைக்கு இழுக்கிறது," என்று சொல்லி மகள் அவரைத் தையல் கடைக்குக் கிட்டத்தட்ட இழுத்தே போனாள்.

ஒடுக்கமான கடை. கட்டிங் டேபிளில் பாதி வெட்டிய துணி, அதன்மேல் கோடு போடும் சாக்பீஸ் துண்டுகள். மூலையில் இஸ்திரிப் பெட்டி சூடாக மூச்சுவிட்டது. தையற்காரர் தலையை மட்டும் அசைத்து வரவேற்றார். அவர் மனைவி அளவு நோட்டை விரித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வாடிக்கையாளரிடம் எந்த மொழியில் பேசினாலும் தையற்காரருக்கு அளவு மட்டும் தெலுங்கில்தான் வரும். தொழிலைக் கற்றது அப்பாவிடம்.

இஞ்ச் டேப் கழுத்தைச் சுற்றியது. "மெட, பதிஹேனுன்னர." கைக்கு இறங்கியது. "செய்யி, இரவை நாலுகு." கண்ணாடிக் கடைக்காரர் கூரையைப் பார்த்தபடி கம்பம் போல நின்றார். டேப் இடுப்புக்கு வந்ததும் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். தையற்காரர் காத்திருந்தார். மூச்சு எத்தனை நேரம் நிற்கும்? அது வெளியே வந்த நொடியில் டேப்பைப் பார்த்துச் சொன்னார்:

"நடுமு, நலபை ரெண்டு."

"என்னது, நாப்பத்திரெண்டா?" துள்ளினார் கண்ணாடிக் கடைக்காரர். "முப்பத்தெட்டு சம்பந்தி! இருபது வருஷமா முப்பத்தெட்டுதான்!"

நோட்டில் பேனா நின்றது. "உங்களுக்குத் தெலுங்கு தெரியுமாண்ணா?" என்று கேட்டார் தையற்காரரின் மனைவி.

"சுத்தமா தெரியாதும்மா."

"அப்புறம் எப்படிப் புரிஞ்சுது?"

அவர் யோசித்தார். "நடுன்னு கேட்டுச்சு. நாப்பது மாதிரி ஒன்னு. ரெண்டு ரெண்டேதான்." முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, தமிழ்தான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

"அப்படின்னா உங்க தமிழ் எங்க தெலுங்குக்குப் பொறந்ததுன்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றார் தையற்காரர்.

கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா," என்று மணப்பெண்ணிடம் திரும்பினார் மாமியார். "படிச்சவ நீ இருக்க, இவங்க மல்லுக்கு நிக்கிறாங்க."

அவள் டேபிள் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். "யாருக்கும் யாரும் மக இல்ல. தமிழும் தெலுங்கும் அக்கா தங்கச்சி. அவங்களோட அம்மா பேசினதை யாரும் எழுதி வைக்கல. ரொம்ப முன்னாடியே தெலுங்கு தனி வீடு பாத்துப் போயிடுச்சு. சமஸ்கிருதம் வேற குடும்பம். ஆனா நெருங்கின பழக்கம், தெலுங்கு அது கிட்டேருந்து அள்ளி அள்ளி வாங்கிச்சு. கை, கால், ரெண்டு, நாலு, நான், நீ எல்லாம் பொறந்த வீட்டுச் சொத்து. அப்பா, ரொம்பப் பெருமைப்படாதீங்க. 'சம்பந்தி'ன்னு வாய் நிறையக் கூப்பிடுறீங்களே, அதுவும் சமஸ்கிருதம்தான்."

தையற்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சின்ன வயசுல ஒரு வாத்தியார், நான் வீட்டுப் பேச்சு பேசுறதைக் கேட்டுட்டு, 'இது மொழியா இரைச்சலா'ன்னாரு. வகுப்பே சிரிச்சுது. எங்கப்பாதான், 'சமஸ்கிருதம் எங்க மொழிக்கு அம்மான்னு போய்ச் சொல்லு, வாயை மூடிக்குவார்'னாரு. மூடிக்கிட்டாரு. அன்னைக்குப் பிடிச்சது, விட மனசு வரல."

"கல்லுல வெட்டி ஆயிரத்து நானூறு வருஷம் ஆன மொழி மாமா," என்றாள் அவள். "அதுக்கு யாரோட சிபாரிசும் வேண்டாம்."

கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அன்றைய தேநீர், தாம் அடித்த ஜோக், அந்தச் சிரிக்காத முகம் எல்லாம் கண்முன் வந்தன. "நான் விளையாட்டாத்தான் சொன்னேன்," என்றார். "தப்பா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சிருந்தா நாப்பத்தஞ்சுன்னு சொல்லியிருப்பேனே," என்றார் தையற்காரர். நால்வரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் ட்ரையல் பார்க்கக் கண்ணாடிக் கடைக்காரர் தனியாகவே போனார். தையற்காரர் ஊசியைக் கை நீட்டிப் பிடித்து, நாலாவது தடவையாக நூல் கோக்க முயல்வதைப் பார்த்தார். கோட்டு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, அவரைத் தம் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்தார். லென்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது; கல்யாணத்துக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அதனால் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் தையற்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் தோளில் கைபோட்டபடி, வயிறே தெரியாத கோட்டில், கண்ணாடிக் கடைக்காரர்.