மோட்டார் ஒயர்

திரையில் 38. அடுத்து 512. அப்புறம் 0. மறுபடி 38.

"நெல்லு வெந்து சோறாயிருச்சாம்மா?" என்றார் சிங்காரவேலு. வாய்தான் சிரித்தது.

பர்வினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் அறைக்கும் டிரையருக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உள்ளே காய்வது மழையில் நனைந்த குறுவை நெல். அடுத்த போகத்துக்கு அவருக்கு இதுதான் விதை. சூடு நாற்பத்துமூன்று டிகிரியைத் தாண்டினால் கரு செத்துப்போகும். உமி அடுப்பை அணைத்தாலோ ஈரநெல் புழுங்கிவிடும். சூட்டைக் காட்டத்தான் அவள் திரை வைத்த இந்தப் பெட்டியைச் செய்து, டிரையர் ஓரமாகவே மாட்டியிருந்தாள்.

"பெட்டிய ஏண்ணே ஆபீசுக்கு மாத்துனீங்க?"

"உமித்தூசிம்மா. ஒயர மட்டும் நீட்டிக்கிட்டேன்."

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சுவரோரமாக, தார்ப்பாய்க்கு அடியில், கறுப்பாகத் தடித்த பம்புசெட் ஒயர்.

"வாய்க்காலத் தாண்டி போர் மோட்டாரே இந்த மாதிரி ஒயர்லதான் ஓடுது. இந்தத் துக்குணூண்டு டப்பா ஓடாதா?"

"மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேந்தா போதும்ணே. இதுல பேச்சுல்ல போகுது!" அவசரத்திலும் அவளால் விளக்காமல் இருக்க முடியவில்லை. "இதுக்கு எஸ்.பி.ஐ.ன்னு பேரு, பேங்க் இல்லண்ணே. பெட்டியில இருக்கற சிப்பு ஒரு கம்பியில கை தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் டிரையர்ல இருக்கற சிப்பு இன்னொரு கம்பியில ஒண்ணுன்னோ பூஜ்யம்னோ சொல்லும். எல்லாத்தையும் வரிசையாச் சேத்தாத்தான் சூடு எவ்வளவுன்னு தெரியும். சாண் ஒயருக்குச் செஞ்சது. இவ்வளவு நீளத்துல தட்டு மழுங்கிரும். ஒரு தட்டு தவறினாலும் மொத்தக் கணக்கும் நகந்துரும்."

"அப்ப மெதுவாத் தட்டச் சொல்லு."

"சொல்லலாம். சொல்றதுக்கு லேப்டாப் வேணும். அது தஞ்சாவூர்ல ரிப்பேர்ல கெடக்கு."

அவள் கட்டிங் பிளேயரை எடுத்தாள்.

"ஏம்மா, புது ஒயரும்மா!"

"நெல்லும் புதுசுதாண்ணே."

வெட்டினாள். பெட்டியைக் கழற்றிவந்து டிரையர் ஓரமாகவே பழைய சாண் ஒயரில் இணைத்தாள். தூசி படாமலிருக்க உரமூட்டையின் உள்பையைக் கிழித்துச் சுற்றினாள்.

திரையில் 46.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எண் அசையவில்லை.

"இதுவும் பொய்யா இருக்காதா?"

"இது பொய் சொல்லாதுண்ணே."

சிங்காரவேலு ஓடினார். கூலியாளைக் கூப்பிடக்கூட நிற்காமல் தானே அடுப்பிலிருந்து உமியை வாரி வெளியே தள்ளினார். ஃபேன் மட்டும் ஓடியது. எண் மெல்ல இறங்கி நாற்பதுக்கு வந்தது. ஆனால் எவ்வளவு நேரம் நாற்பத்தாறில் இருந்தது? யாருக்கும் தெரியாது.

முளைக்கிறதா என்று பார்க்க பர்வின் ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்துகொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினாள். மன்னார்குடி தாண்டுவதற்குள் இரண்டு தரம் பிரித்துப் பார்த்தாள். இப்போது என்ன தெரியும்? அது தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான், சமையல் நடுவே, தொழுகை முடிந்த கையோடு, போனில் பேசிக்கொண்டே.

மூன்றாம் நாள் காலையில் பிரித்தபோது நெல்லின் நுனிகளில் வெள்ளை வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. சில மட்டும் அப்படியே கிடந்தன.

சிங்காரவேலுவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்:

"ஏம்மா, அந்த ஒயர ஒட்டிரட்டா?"

"ஒட்டுங்கண்ணே. போர் மோட்டாருக்கு."