ஐஸ்லாந்துக்கும் ஆமைக்கும் நடுவில்

காலை ஒன்பதே முக்காலுக்குச் சிறுசேரி வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்திபன் நிழல் பார்த்து வேனை நிறுத்தினான். மாமல்லபுரத்தில் தொடங்கி நெம்மேலி, கோவளம், கேளம்பாக்கம் என்று வழிநெடுக ஏற்றி வந்த பதினோரு பேரும் கழுத்து அட்டையைச் சரிசெய்தபடி அலுவலகத்துக்குள் போய்விட்டார்கள். இனி மத்தியானம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை ஏற்றும்வரை அவனுக்கு வேலை இல்லை.

அன்றைக்கு அவன் கையில் இருந்தது மனைவி தமிழ்ச்செல்வியின் போன். முந்தின நாள் டீசல் போடும்போது அவனுடைய போன் கீழே விழுந்து நொறுங்கி, மாமல்லபுரத்தில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கிடந்தது. டூட்டிக்காக வரும் போனை எடுக்காமல் வண்டி ஓட்ட முடியாது. அதனால் தன் சிம்மை அவள் போனில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். செல்வி தயங்கித்தான் கொடுத்தாள். "சாயங்காலம் வரிக்கும்தானே?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம் என்று இணையத்தைத் திறந்தான். விரல் எங்கேயோ பட்டு, செல்வி இதுவரை பார்த்த பக்கங்களின் பட்டியல் வந்து நின்றது. எல்லாமே விக்கிப்பீடியா. தையல் இயந்திரம். ஐஸ்லாந்து. கடல் ஆமை. யுரேனஸ். பெருங்காயம். பனிச்சரிவு. அச்சுக்கலை. ஒட்டகம். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வேன் டிரைவர் மணி டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தான். பார்த்திபனைவிட ஏழெட்டு வயது சின்னவன். கல்யாணமாகி இரண்டு வருடம்.

"இன்னா அண்ணாத்த, அண்ணி ஐஏஎஸ் எழுதப் போவுதா?"

"யாருக்குத் தெரியும்? ராத்திரி பகலுன்னு எதுனா படிச்சிகினே கீறா. நான் சீரியல் பாக்கறான்னு நெனச்சிகினு கீறேன்" என்று பார்த்திபன் சிரித்தான். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். செங்கல்பட்டுக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டவள். வீட்டில் அனுப்பவில்லை; சில வருடம் கழித்து இவனுக்குக் கட்டிவைத்தார்கள்.

சிரித்துக்கொண்டே பட்டியலைத் திரும்ப மேலே தள்ளினான். ஐஸ்லாந்துக்கும் ஆமைக்கும் நடுவில் இருந்த ஒரு வரியை முதலில் கவனிக்காமல் தாண்டியிருந்தான். இப்போது அது கண்ணில் பட்டது. 'ஆண் மலட்டுத்தன்மை.'

சட்டென்று திரையை அணைத்தான். மணி பார்த்தானா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். மணி யாரிடமோ போனில் பேசியபடி நகர்ந்துவிட்டிருந்தான்.

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி திறந்தான். ஒரு மாதத்தில் ஆறு தடவை அந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதன்மேல் இருபது, இருபத்தைந்து பக்கங்கள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் குவிந்திருந்தன.

'என்னையா சந்தேகப்படறா?' என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் மத்தியானம்வரை வேலை இல்லாதவன் கையில் போன் இருந்தால் என்ன செய்வான்? அந்தப் பக்கத்தைத் திறந்தான். படித்தான்.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கக்கூடும் என்றிருந்தது. ஆணுக்கான முதல் சோதனை எளிது, வலியில்லாதது என்றிருந்தது. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத ஆணுக்கும் இது வரலாம் என்ற வரியை மூன்று தடவை படித்தான். அந்த நம்பிக்கையில்தானே ஒன்பது வருடமாக அவன் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். செங்கல்பட்டில் மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த டாக்டர் சீட்டில் இரண்டு பேருக்கும் சோதனை எழுதிக் கொடுத்தார். "எனக்கு இன்னாத்துக்கு? எனக்கு டூட்டி கீது" என்று அவன் வந்துவிட்டான். செல்வி மட்டும் போனாள். கர்ப்பப்பைக் குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் சோதனை. வலி தாங்காமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை யாரும் இரண்டாம் தடவை எடுத்துப் பார்க்கவில்லை. வெறும் வயிற்றில் நாட்டு மருந்தும், செவ்வாய் வெள்ளி விரதமும் அவளுக்கு மட்டும் தொடர்ந்தன.

இப்போது அம்மா கன்னியம்மா வேறு ஒன்று தொடங்கியிருந்தாள். அவனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்க, மதுராந்தகத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண். "இவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்டா. வர்ற ஞாயித்துக்கெழம சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். வேண்டாம் என்று பார்த்திபன் சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான். அவனுக்கும் ஆசைதான். காலையில் நெம்மேலியில் வண்டி ஏறும் ஜெயப்பிரியா என்ற பெண்ணை வழியனுப்ப அவள் குழந்தை தினமும் ரோட்டுக்கு வரும். வண்டி கிளம்பும்போது டிரைவருக்கும் சேர்த்துக் கையாட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை இல்லாமல் அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுத்த தெருவில் இருக்கும் அவன் தங்கை துர்காதேவி வீட்டுக்குப் போயிருந்தாள். செல்வி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்திபன் போனை அவள் முன்னால் நீட்டினான்.

"இன்னா இது?"

அவள் பார்த்தாள். பயந்துவிடுவாள் என்று நினைத்தான். பயப்படவில்லை.

"படிச்சீங்களா?"

"எனக்குக் கொறன்னு முடிவே பண்ணிட்டியா நீ?"

"முடிவு பண்ண நான் யாரு? தெரிஞ்சிக்கலாம்னு பாத்தேன்."

"அதுக்கு எதுக்கு இந்த ஒட்டகம், யுரேனஸ் எல்லாம்?"

செல்வி எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள்.

"எம் போன எடுக்காதவங்க யாரு இந்த வூட்ல? அத்த சீரியல் பாக்கும். துர்கா வந்தா மொதல்ல எம் போனத்தான் நோண்டும். முன்ன ஒரு தபா இந்தப் பக்கத்த பாத்துட்டு, எங்க அண்ணனையே சந்தேகப்படறாளேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துச்சி. அப்ப நீங்க நைட் ஷிப்ட்டு, ஒங்களுக்குத் தெரியாது. சரின்னு அடுத்த தபா பாத்துட்டு எல்லாத்தையும் அழிச்சேன். இன்னாத்துக்கு அழிச்ச, யார்கூட பேசிகினு கீறன்னு கேட்டுச்சி. அதான், படிச்சிட்டு மேல எதையாவது தேடித் தேடிப் போட்டேன். இவ்ளோத்துக்குள்ள யாரு போயிப் பாக்கப் போறாங்க?"

பார்த்திபன் நீட்டிய கையைக் கீழே இறக்கினான்.

"மொதல்ல மறைக்கறதுக்குத்தான் தேடுனேன். கண்ணுல பட்டது, காதுல விழுந்தது எல்லாத்தயும். அப்புறம் அதுவே புடிச்சிப்போச்சி. பென்குயின் கீது இல்ல, அதுல ஒரு ஜாதில அப்பாதான் முட்டைய கால்மேல வச்சிகினு பனியில மாசக்கணக்குல நிக்குமாம். தெரியுமா ஒங்களுக்கு?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எத்தப் படிச்சாலும் கடைசில அங்கதான் போயி நிக்குது நெனப்பு. ஐஸ்லாந்து பக்கத்துல கூட ஒரு கொழந்த போட்டோ போட்டுக்கீறாங்க. அதப் பாத்துகினே இருந்தேன்."

செல்வி தோளில் கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"ஞாயித்துக்கெழம மதுராந்தகம் போறீங்கன்னு தெரியும்."

"செல்வி, நான் இன்னும்..."

"போங்க. நான் தடுக்கல. போறதுக்கு முன்ன அந்த டெஸ்ட்ட மட்டும் ஒரு தபா எடுத்துட்டுப் போங்க. எனக்காக இல்ல. அந்தப் பொண்ணுக்காக. ஒம்பது வருசம் கழிச்சி அவளும் ஒரு போனு வச்சிகினு ஒட்டகத்தத் தேடக் கூடாது."

எழுந்து உள்ளே போய்விட்டாள். பார்த்திபன் வெறுங்கொடியைப் பார்த்தபடி அங்கேயே நின்றான். அவள் திட்டியிருந்தால் இவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். வெளியே போயிருப்பான். எல்லாம் பழையபடி நடந்திருக்கும். அவள் திட்டவில்லை. தன்னைத் தள்ளிவிட்டு வரப்போகிற ஒருத்திக்காக அல்லவா கேட்டாள்! அதுதான் அவனை அசைத்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு செங்கல்பட்டுக்குத் தனியாகப் போனான். ஆய்வகத்தில் தாழ்ந்த குரலில் சொன்ன பெயரை இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே டாக்டர் ஹரிப்ரியா ரிப்போர்ட்டைப் பார்த்தார். அவனைப் பரிசோதித்துவிட்டு வந்த இன்னொரு டாக்டரோடும் பேசினார்.

"விந்தணுக்களோட எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருக்குங்க. விதைப்பை பக்கம் ரத்தக் குழாய் புடைச்சிருக்கு. இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்திக்கலாம். சின்ன ஆபரேஷன் இருக்கு. நிறைய பேருக்கு முன்னேற்றம் வருது. கண்டிப்பா வரும்னு நான் சொல்ல முடியாது." பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "மூணு வருஷம் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கேனே. ஏன் வரலை?"

பார்த்திபன் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் தன் ஊர்ப் பக்கம் போகும் மூன்று பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சோதனை முடிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் இங்கேதான் எங்கேயோ நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் டூட்டியில் இருந்தான். அவள் போன் செய்தபோது எடுக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியம்மா பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தாள். துர்காதேவி தட்டில் பழமும் பூவும் எடுத்து வைத்தாள். செல்வி அடுப்படியில் எல்லாருக்கும் நாஸ்தா செய்துகொண்டிருந்தாள்.

"கெளம்புடா நைனா, நேரமாவுது" என்றாள் கன்னியம்மா.

"நான் வரலம்மா."

"இன்னாடா இது, கடைசி நேரத்துல பேஜாரு பண்ற?"

பார்த்திபன் ரிப்போர்ட்டை எடுத்துத் தட்டின் மேல் வைத்தான். "கொற எங்கிட்ட கீது. டாக்டரே சொல்லிட்டாங்க. செல்விக்கு ஒண்ணும் இல்லன்னு மூணு வருசம் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க. நாமதான் படிக்கல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. துர்காதேவி தட்டிலிருந்து கையை எடுத்தாள். கன்னியம்மா ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

"மெல்லப் பேசுடா! நாலு பேரு காதுல வுழுந்தா மானம் பூடும்."

"ஒம்பது வருசமா நடுத்தெருவுல அவ மானத்த வாங்கினோமேம்மா. அப்ப யாருனா இந்தக் கதவ சாத்தினீங்களா?"

அவனே போய்க் கதவைத் திறந்துவிட்டான். கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் பேரப்பிள்ளை ஆசைதான். அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வெகுநேரம் கழித்து, "யம்மா செல்வி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். செல்வி வந்து அவள் முன்னால் தட்டை வைத்து இட்லி வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஓடிவிட்டது. குழந்தை இன்னும் உண்டாகவில்லை. எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது, காத்திருந்து பாருங்கள் என்றிருக்கிறார் டாக்டர். இப்போது மருத்துவமனைப் படியில் இரண்டு பேரும் சேர்ந்தே ஏறுகிறார்கள். சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் ஒரு போனில் இரண்டு பேரும் எதையாவது தேடிப் படிக்கிறார்கள். அவள் கல்லூரியில் தபால் வழியில் சேர விண்ணப்பமும் போட்டாயிற்று. ஆனாலும் மணலில் ஏதாவது குழந்தை விழுந்து எழுந்து ஓடினால் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். அந்த ஏக்கம் எங்கேயும் போய்விடவில்லை. முன்பு அதை அவள் மட்டும் தூக்கினாள். இப்போது இருவரும் தூக்குகிறார்கள்.

போன வாரம் சிறுசேரியில் மணி சோர்ந்துபோய் ஸ்டியரிங்கில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"வூட்ல ஒரே ரோதன அண்ணாத்த. மூணு வருசம் ஆச்சே, ஒண்ணும் இல்லையேன்னு. நாளைக்கு அவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்."

"அவள அனுப்பறியா, நீயும் போறியா?"

"நான் எதுக்கு அண்ணாத்த? எனக்கு இன்னா கொற?"

பார்த்திபன் வேனின் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். தன் கதையை ஒளிக்காமல் சொன்னான். மணி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான். முடிவில் பார்த்திபன் சொன்னான்:

"மொதல்ல நீ போய் டெஸ்ட் எடு தம்பி. அரை மணி நேர வேல. அதுக்கு வெக்கப்பட்டு ஒரு பொம்பளையோட ஒம்பது வருசத்த நான் அழிச்சேன். புள்ளைங்கறது ரெண்டு பேரோட ஆசை. அது வரலன்னா, வைத்தியமும் பழியும் மட்டும் எப்பிடி ஒருத்தியோடதா ஆவும்?"