மூடி வைத்த முட்டைகள்

“அது குப்பை இல்ல பாவா.”

“குப்பை இல்லாம இன்னாது? மாலை, பாட்டில், பாசி. தெனம் இதான வருது.”

“கைய வுட்டுப் பாரு.”

டில்லிபாபு கையை விடவில்லை. படகின் வயிற்றிலிருந்து உருவிய கம்பிக்கூடையைக் கரையில் கவிழ்த்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நின்றான். பானுப்ரியாதான் குந்தி உட்கார்ந்து, மாலை நாரையும் அழுகிய இலைகளையும் ஒவ்வொன்றாக விலக்கினாள். நடுவில் உடைந்த முட்டை ஓடுகள் இரண்டு இருந்தன. இலைச்சாறு ஏறித் தேநீர் நிறமாகியிருந்தன. மூன்றாவது முட்டையில் விரிசல் மட்டும்தான். அவள் தொட்டதும் அதுவும் ஒழுகியது.

“கோழி முட்டையா?” என்றான், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

“முக்குளிப்பான். நீ தெனம் பாத்துகினுதான இருக்கே. தம்மாத்தூண்டு தலைய தூக்கிப் பாத்துட்டு டபக்குனு முங்கிடும்.”

“ஆங், அதுவா. தண்ணி மேலயா குடும்பம் பண்ணுது? உங்க அக்காகிட்ட சொல்லணும். வாடகை வீடு ஈரமா கீதுன்னு தெனம் சண்டை.”

அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

கோயில் மலையிலிருந்து இறங்கியதும், காவடிப் பூ யார் காலிலும் மிதிபடக் கூடாது என்று இந்த ஏரியில் விட்டுவிட்டு ரயிலேறுவது சிலரின் வழக்கம். பூ உதிர்ந்துபோகும். நார்ச்சுருள் மிதந்துகொண்டே இருக்கும். அதன்மேல் பாசியையும் கோரையையும் இழுத்துப் போட்டு முக்குளிப்பான் கூடு கட்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வருவதற்குள் ஏரி சுத்தமாக வேண்டும் என்றுதான் அந்தப் படகு வந்திருந்தது. கட்டில் அளவுக்கு வெள்ளையாக, அகன்ற வாயில் ஓடும் பட்டையோடு, நெற்றியில் ஒரு கேமராவோடு இருந்தது. ஓட்டுபவர் கிடையாது. எங்கே போக வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பானுவின் அக்காள் கணவன் டில்லிபாபுவுக்கு மூன்றே வேலைகள். சார்ஜ் போடுவது, காலையில் தண்ணீரில் தள்ளிவிடுவது, கூடையைக் கொட்டுவது.

பானுவுக்கு அந்தப் படகின் பக்கவாட்டில் இருந்த நீல வட்டச் சின்னம்தான் முதலில் கண்ணில் பட்டது. போன வருடம் முழுக்க அது அவளுடைய திரையின் மூலையில் இருந்தது. அரக்கோணம் சாலையில் செல்போன் கடைக்கு மேல்மாடியில், இன்னும் பதினோரு பெண்களோடு உட்கார்ந்து, ஏதேதோ ஊர்களின் ஏரிப் படங்களில் பெட்டி வரைந்து பெயர் போடும் வேலை. குப்பை, செடி, மனிதர், படகு, விலங்கு. படத்துக்கு நான்கு விநாடிகள். எதற்காக என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளமும் வெயிலும் இருக்க, உள்ளே தான் பார்த்தேயிராத ஏரிகளில் நாளெல்லாம் அலைவது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு நாள் ஒரு படம் வந்தது. தண்ணீரில் ஈர இலைக் குவியல் ஒன்று, அதைச் சுற்றி இப்போதுதான் யாரோ போனதுபோல ஒரு வட்ட அலை. அவள் நான்கு விநாடிக்கு மேல் பார்த்தாள். மேற்பார்வையாளர் துளசிங்கத்திடம் எழுந்து போய்க் கேட்டாள். “தெரியலன்னா குப்பைன்னு போட்டுடும்மா” என்றார். போட்டாள். அதன்பிறகு அதுபோல வந்ததற்கெல்லாம் கேட்காமலே போட்டாள்.

ஆபத்து என்று தெரிந்தால் முக்குளிப்பான் அலகால் இலைகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் முங்கும். இந்த ஒரு வாரமாகக் காலையில் இங்கே வந்து நின்று பார்த்ததில்தான் அது அவளுக்குத் தெரிந்தது. காகத்தை ஏமாற்ற அந்த இலைகள் போதும். படகு நெருங்க நெருங்க, அதன் கேமராவுக்குக் கூடு முழுக் குப்பையாகிவிடும்.

கோரைப் பக்கம் இன்னும் ஒரு கூடு மிச்சமிருந்தது. மாற்றுக் கூடையை மாட்டிக்கொண்டு படகு அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

“நிறுத்து பாவா.”

அவன் போனை எடுத்துச் சிவப்புப் பொத்தானைத் தொட்டான். காரணம் கேட்டது. மழை, பேட்டரி, பட்டையில் சிக்கல், தண்ணீரில் மனிதர்.

“பறவைன்னு இல்லியே பானு.”

“மனுசன்னு போடேன்.”

“போட்டா பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கப் போறதுக்காக ரெண்டு வாட்டி போட்டேன். ‘அந்த ஏரில யாரு சார் தெனம் வுழுறது’ன்னு கம்பெனிக்காரன் போன் பண்ணி கேக்கறான். இன்னொரு வாட்டி பொய் சொன்னாலும், படக எறக்காம வுட்டாலும் வேற ஆள வெச்சிக்குவானாம்.”

அவள் துளசிங்கத்தை அழைத்தாள். பொறுமையாகத்தான் கேட்டார். “அது போன வருசமே முடிஞ்சிபோச்சிம்மா. படமெல்லாம் எங்க போச்சோ, எனக்கே தெரியாது. யார்கிட்ட போயி மாத்தச் சொல்றது?” என்றார். பிறகு, வேலை எதுவும் வந்தால் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பானு செருப்பைக் கழற்றினாள். சுடிதார் காலைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். சேறு முழங்கால்வரை இழுத்தது. “ஏய், உனுக்கு எதுனா ஆச்சின்னா உங்கக்கா என்ன உசுரோட கொளுத்திடுவா” என்று அவன் கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். இடுப்பளவு தண்ணீரில் அவள் கூட்டுக்கு முன்னால் போய் நின்றபோது பறவை முட்டைகளை மூடி முடித்திருந்தது. வட்ட அலை மட்டும் இருந்தது.

படகு நான்கடி தள்ளி நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. தயவுசெய்து வழிவிடவும் என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, பிறகு தெலுங்கில். மனிதர் என்று பெட்டி வரைந்து கொடுத்ததுகூட அவளோ, பக்கத்து நாற்காலிப் பெண்ணோதான். அதை அது சரியாகவே கற்றிருந்தது. பத்து நிமிடம் கழித்துச் சற்று நகர்ந்து வேறு பக்கமாக வந்தது. அவளும் நகர்ந்தாள். மறுபடி நின்றது.

தூரத்தில், நடு ஏரியில், சின்னத் தலை ஒன்று எழுந்து இந்தப் பக்கம் பார்த்தது. வரவில்லை. அவளைப் பார்த்தும் அது பயந்துதான் இருந்தது. அவள் நிற்கும்வரை அது வரப்போவதில்லை. அவள் போனால் படகு வந்துவிடும். ஈர இலைகளுக்குக் கீழே முட்டைகள் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எத்தினி நாளு ஆவும், பொரிக்க?” கரையிலிருந்து கேட்டான்.

“இருவது, இருவத்தஞ்சி.”

அவன் கரையில் கவிழ்த்த கூடையை எடுத்து அதன் கம்பிகளில் சிக்கியிருந்த நாரைப் பிய்க்கத் தொடங்கினான்.

“பாவா,” என்றாள் திரும்பாமல். “நாளிக்கி எனக்கு இண்டர்வியூ இருக்குது. காலையில வண்டிக்கு மெட்ராஸ் போவணும். நாளிக்கி மட்டும் நீ வந்து இங்க நிக்கிறியா?”

நார் அவன் விரலில் சுற்றிக்கொண்டே வந்தது. ஒரு வாடிய செவ்வந்தி அதிலிருந்து கழன்று, தண்ணீரில் விழுந்து, மெதுவாகப் படகின் பக்கம் போனது.