பதினோராவது காலிக் கட்டம்

காலையில் சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு, மதியம் கல்லூரிக்குப் போகிறேன். கல்வியும் குழந்தை வளர்ச்சியும், முதலாண்டு. முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதுகிற நேரத்தில் எனக்கு நாலு வரி வந்தால் அதிகம்.

அந்த வாரம் மழலையர் பள்ளியில் கவனிப்புப் பயிற்சி. ஒரு குழந்தையை இருபது நிமிடம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கட்டம். கண்ணில் பட்டதை அப்போதே எழுத வேண்டும், பார்க்காததைக் காலியாக விட வேண்டும். பத்துக் கட்டத்துக்கு மேல் காலி என்றால் தேர்ச்சி இல்லை, அடுத்த வருடம்தான்.

எனக்குக் கிடைத்தவன் மூன்று வயதுப் பையன். எந்நேரமும் சட்டைப் பித்தானைத் திருகுவதால் ஆயா அவனுக்கு வைத்த பெயர் 'பட்டன்'. மணலை டப்பாவில் நிரப்பினான், கவிழ்த்தான். 'கவிழ்த்தான்' என்று நான் எழுதி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு முறை கவிழ்த்துவிட்டான். பின்னாலிருந்து ஆயா, "டேய் பட்டன்!" என்றார். நான் தாளில் குனிந்திருந்தேன். மணி அடித்தபோது ஒன்பது கட்டந்தான் நிறைந்திருந்தது.

"பதினொண்ணு காலியா இருக்கும்மா," என்றேன் பக்கத்திலிருந்த, கூடப் படிக்கிற பெண்ணிடம்.

"ஒண்ணுதானே அண்ணா அதிகம்? எதையாச்சும் போட்டுடுங்க. எண்ணத்தான் எண்ணுவாங்க, உக்காந்து படிக்கவா போறாங்க?"

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை உண்டா? 'ஆயா கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியை எண்ணினார், கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் மழலையர் பள்ளி டீச்சருக்குப் போயிற்று.

மறுநாள் அங்கே போனபோது பட்டனின் அம்மா டீச்சர் முன்னால் நின்றிருந்தார்.

"இன்னும் நாலு வார்த்தைகூடப் பேசலை டீச்சர். காதுல ஏதாவது..."

"நானும் சந்தேகப்பட்டேன். ஆனா இதைப் பாருங்க, நேத்து பக்கத்துல உக்காந்து பாத்து எழுதினது. பின்னாடியிருந்து கூப்பிட்டா திரும்பறான். இப்போதைக்கு டாக்டருக்குச் சீட்டு வேணாம். பொறுத்துப் பார்ப்போம்."

"அப்பாடா," என்று அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒருவேளை திரும்பித்தான் இருப்பானோ? மணல் தொட்டிக்கு ஓடினேன். அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். மூட்டை தூக்கிய கை; சத்தம் சுவரில் பட்டு எதிரொலித்தது. மற்ற நாலு பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பட்டன் டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தான். இன்னொரு முறை தட்டினேன். அவன் முதுகு அசையவில்லை.

வாயைத் திறக்காமல் போனால் ஒரு வருடம் மிச்சம். கிடங்கில் ஏற்கெனவே, "வாத்தியாரே, மூட்டைக்கு வீட்டுப்பாடம் குடுத்தாச்சா?" என்று சிரிக்கிறார்கள். தோற்றேன் என்றால் வேறு பேச்சே இருக்காது. ஆனால் அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அம்மா, போகாதீங்க. டீச்சர், அந்த வரி பொய். நான் பாக்கலை. கட்டம் காலியா இருக்கேன்னு எழுதிட்டேன். இப்ப கை தட்டிப் பாத்தேன். அவன் திரும்பலை."

டீச்சர் தானே போய் ஒரு மணியை அடித்துப் பார்த்தார். திரும்பி வந்து சீட்டு எழுதினார். பிறகு பேராசிரியைக்குப் போன் போட்டார். என் பதிவு தள்ளுபடி ஆக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு அது ஒரு வரி."

"தப்புதாம்மா."

சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கணும். நான் சொன்னா, அம்மாக்காரி பயப்படறான்னு சொல்லுவாங்க. நீங்க வந்து பாத்ததைச் சொல்லுங்க. பாத்ததை மட்டும்."

வெள்ளிக்கிழமை கிடங்குக்கு இரண்டு லாரி வருகிறது. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.