மூடியில் ஈரம்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு மாதத்துக்கு ஒரு புதுப் பித்து பிடிக்கும். இந்த மாதம் தொங்குதட்டு. மூடியின் உட்புறம் குட்டிக் குட்டி வளையங்கள். ஒவ்வொன்றிலும் நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல் கலந்த ஒரு துளியை வைத்து, மூடியைக் கவிழ்த்துத் தட்டை மூட வேண்டும். துளிகள் தொங்கும். ஒட்டிக்கொள்ளத் தரை கிடைக்காத செல்கள் வேறு வழியில்லாமல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நாலு நாளில் கசகசாவைவிடச் சின்ன உருண்டையாகிவிடும். அதன்மேல் மருந்துகளைப் போட்டுப் பார்த்தால் எது கேட்கும் என்று தெரியும்.

"பழைய தட்டே நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்க?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்தக் கூத்து இருபது நாள் தாங்காது, இதற்கொரு குறிப்பெழுதிக் கதவில் ஒட்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

முதல் மாதிரி எங்கள் டிரைவர் அண்ணனின் மனைவியுடையது. மருத்துவமனைகளிலிருந்து ஐஸ் பெட்டியில் மாதிரி எடுத்துவருவதுதான் அவர் வேலை. இந்த முறை வீட்டு ஆளுடையதையே எடுத்துவந்தார். அண்ணிக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். இது ஒரே தடவைதான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மார்புக் கட்டியில் ஊசி குத்த விட்டிருக்கிறார். கிடைத்ததே கொஞ்சம்தான், மிச்சம் வைக்க வழியில்லை.

அண்ணன் தினமும் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பார். "சேர்ந்துக்கிச்சாம்மா?"

"அடுப்புலயா வச்சிருக்கேன், நிமிஷத்துக்கு நிமிஷம் திறந்து பாக்க? போங்கண்ணே."

நாலாம் நாள் காலை, செல்களை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்தேன். மூடி பளிச்சென்று காய்ந்திருந்தது. ஒரு துளி இல்லை.

பக்கத்து மேசைக்காரியைப் பார்த்தேன். எதைக் கண்டாலும் துடைப்பாள். நாங்கள் வைத்த பெயர் பளபளா. தொங்குதட்டு வந்த ஒரு வாரமும் லீவில் இருந்துவிட்டு அன்று விடிந்ததும் வேலைக்கு வந்திருந்தாள்.

"நான்தான் துடைச்சேன். மூடி பூரா தண்ணி. கிருமி வந்துடாது?"

"யாருடி உன்னத் துடைக்கச் சொன்னது?"

அவள் இன்குபேட்டர் கதவைக் காட்டினாள். 'மூடியில் ஈரம் கண்டால் உடனே துடைக்கவும். சாக்குச் சொல்ல வேண்டாம்.' சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு. என் கையெழுத்து. பழைய தட்டில் செல்கள் கீழே கிடக்கும், மூடியில் படிவது வெறும் ஆவி. அதைத் துடைக்காததற்காக இரண்டு வருடம் முன் இவளை அழவிட்டவள் நான்.

"சேர்ந்துக்கிச்சாம்மா?" அண்ணன் வாசலில் நின்றார்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "எல்லாம் போச்சுண்ணே. தப்பு என்னோடது. மறுபடி ஊசி குத்தித்தான் எடுக்கணும்."

கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் தேவலை. அவர் சாவியைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்மா. நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க."

கோட்டைக் கழற்றிவிட்டுக் கதவிலிருந்த சீட்டை உரித்தேன். நல்ல பசை, பாதிதான் வந்தது. கீழே அவர் வண்டியின் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். இருக்கையில் காலி ஐஸ் பெட்டி இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.