ஒரு மூடி பூச்சி மருந்து

பூச்சி மருந்து கேட்டவளுக்குப் பூச்சி மருந்தைக் கொடுத்தது தப்பா? அன்று காலை நான் செய்தது அவ்வளவுதான். அதற்குள் ஒரு பிள்ளையின் உயிர் தம்ளர் விளிம்பு வரை போய்த் திரும்பிவிட்டது.

நான் பேகம்பூர்க்காரன். பெயர் சனாவுல்லா. தோல் மண்டியில் குமாஸ்தா. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற திண்டுக்கல்லில், பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டே கொல்லையில் தக்காளி வளர்த்திருந்தேன். இது பெரிய சாதனை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருந்தது. காய் சிவக்கத் தொடங்கியதும் புழு வந்தது. காம்போரம் பொத்தல் போட்டு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தியது. என் தக்காளியை எனக்கு முந்தி அது ருசி பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் உடையப்பனிடம் போனேன்.

“பழுக்குற நேரத்துல அடிக்கலாமாண்ணே? அடிச்ச பழத்தைத் திங்கலாமா?”

“மருந்துதானே பாய்! ஊரே அடிக்குது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் நான் எதிர்பார்த்தது அதைத்தான். புட்டியை வாங்கிவந்து அன்றைக்கே அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“அண்ணே, பூச்சி மருந்து வாங்கியாந்திருக்கீகன்னு மதினி சொன்னாக. கொஞ்சம் தாங்களேன். பூச்சித் தொல்லை தாங்கல.”

அவள் வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடிகள் உண்டு. அவற்றுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். என்னிடம் யோசனை கேட்டு யாரும் வருவதில்லை. வந்தவளை விட மனமில்லை.

“ஒரு செம்புத் தண்ணிக்கு ஒரு மூடி. வெயில் ஏறுமுன்ன குடுத்துரணும்.”

“பூச்சியெல்லாம் வெளிய வந்துருமாண்ணே?”

“வெளிய வந்து சுருண்டு விழுந்து செத்துரும், பாரேன்!”

புட்டியோடு போனாள். நான் செடிக்கடியில் குனிந்து பொத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் பேச்சு கேட்டது.

“மூக்கைப் பிடிச்சுக்க. ஒரே மடக்கு. பாரு, பால் மாதிரி இருக்கு!”

“நாறுதும்மா!”

“நல்ல மருந்துன்னா நாறத்தான்டி செய்யும். சீனி போட்டிருக்கேன், குடி.”

கத்தரிச் செடிக்கு மூக்கு கிடையாது. அதற்கு யாரும் சீனி போடுவதும் இல்லை. வயிற்றில் பூச்சி இருக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதையும் நாம் பூச்சி மருந்து என்றுதான் சொல்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுவரேறிக் குதித்தேன். கைலியில் பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. மீதியைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஜெய்தூனின் மகள் சைதூன் உதட்டருகே இருந்த தம்ளரைத் தட்டிவிட்டேன். வெள்ளை வெளேரென்று தரையில் கொட்டியது.

“குடிச்சியா தாயி? ஒரு வாயாவது குடிச்சியா?”

“இல்ல மாமா. மூக்கைத்தான் பிடிச்சேன்.”

ஜெய்தூன் முதலில் என் கைலியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னண்ணே?”

“அது செடிக்கு அடிக்குறதும்மா. குடிச்சா ஆளே போயிரும்.”

பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மருந்துன்னுதானண்ணே குடுத்தீக?”

நான் புட்டியைத் தேடி எடுத்து மூடியை இறுகத் திருகினேன்.

நாங்கள் சைதூனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கொட்டிய இடத்தில் மண்ணைப் போட்டு மூடினோம். வீட்டுக்கு வந்தால் என் மனைவி அஜீஸுன்னிசா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏங்க, அம்புட்டு விஷத்தை நேத்து அடிச்சுட்டு, அந்தத் தக்காளியவா இன்னிக்கிச் சால்னாவுல போடச் சொன்னீக?”

சிவந்தது, சிவக்காதது எல்லாவற்றையும் பறித்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அழுகையே வந்தது. யாருக்காக என்று கேட்டால் தக்காளிக்காக என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஆனால் செடி என்னைப் போல மனம் உடைந்து உட்காரவில்லை. மறுபடி பூத்தது, காய்த்தது. இந்தத் தடவை இலையில் அடுப்புச் சாம்பல் தூவினோம். பழைய வலைத்துணியைப் போர்த்தினோம். காலையில் இலையைப் புரட்டிப் புழுவைப் பொறுக்கும் வேலையைச் சைதூன் தானாகவே எடுத்துக்கொண்டாள். “மாமா, இன்னொரு திருடன்!” என்று கத்தி உப்புத் தண்ணீரில் போடுவாள். அவளுடைய வயிற்றுப் பூச்சிக்கு டாக்டரிடம் வாங்கிய மருந்து வேலை செய்துவிட்டது. முதல் பறிப்பை ஜெய்தூனிடம் கொடுத்தபோது, ஒவ்வொரு பழத்தையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினாள். எனக்கு அது வேண்டியதுதான்.

புழு தின்றது போக எங்களுக்கும் நிறையக் கிடைத்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. உடையப்பன் கடைக்குப் போனேன். அங்கே சாணார்பட்டியில் தக்காளி போட்டிருக்கும் ஒச்சப்பன் நின்றிருந்தார்.

“தக்காளி நல்லாச் செவந்துருச்சு. நாளக்கழிச்சுச் சந்தைக்குப் போகணும். வெரசா பூச்சி மருந்து குடுங்க, அப்பு.”

உடையப்பன் புட்டியை எடுத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்து, சைதூன் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். கைலி விஷயத்தையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“இவர் கொண்டாரப் போற தக்காளியை உங்க பேத்திக்குக் குடுப்பீங்களாண்ணே?”

“கழுவிட்டா ஒண்ணும்...”

“கழுவியாச்சு. குடுப்பீங்களா?”

தராசைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“குடுக்க மாட்டேன் பாய். இது மருந்தில்ல, விஷம். விஷம்னு சொன்னா எவன் வாங்குவான்னுதான் மருந்துன்னே சொல்லி வித்தேன்.” ஒச்சப்பன் பக்கம் திரும்பினார். “பழுத்த காயில இதை அடிக்காதப்பா. கையால பொறுக்கு, சாம்பலைத் தூவு. நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்க மனசு வராததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விக்கக் கூடாது.”